கேட்டவர்கள் பாடிய பாடல்கள்

“மாமா, உங்களுக்கு மிகவும் பிடித்த பத்துப் பாட்டுக்களைச் சொல்லுங்கள், பார்ப்போம்” என்று ஒரு மாலைப்பொழுதில் என் மருமகன் கேட்டான். பொழுதுபோக்காகக் கேட்ட கேள்விதான். ஆயினும், பத்துத் திருக்குறளைத் தெரிந்து தருமாறு கேட்டிருந்தாற்கூட நான் இவ்வளவு இடர்ப்பட்டிருக்கமாட்டேன். எழுதுவதும் வெட்டுவதுமாக இரண்டு நாட்கள் கழிந்தன.

ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலே தோன்றி வளர்ந்த ‘இன்டி ரொக்’ என்னும் இசைவகையில் எனக்கு நெடுநாட் பற்றுண்டு. தமிழ் கற்பிக்கும் ஒருவருக்கு இப்பற்று எங்ஙனம் ஏற்பட்டது என வியக்கும் நண்பர்களும் உளர். இரைச்சலை இசையென்று மயங்கினாரே என இரங்கும் நண்பர்களும் உளர். அவர்கள் கருத்தை மாற்றுவதற்காக இக்கட்டுரை எழுந்ததன்று. என் பட்டியல் ஒருவாறு முடிவெய்தியபோது, நான் எதிர்பாராத ஓர் ஒற்றுமை அதிலே தென்பட்டது. பத்தில் ஆறு பாட்டுக்கள், பிறர் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் அம்மகிழ்ச்சியையே பொருளாகக் கொண்டு பாடியவை. காதலையன்று, பிரிவையன்று, தமக்குப் பிடித்த பாட்டையும் பாடகரையுமே அவர்கள் பாடியிருந்தனர்.

இவ்வொற்றுமை என்னைச் சிந்திக்க வைத்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. மருமகன் மூன்றாண்டுகளாகக் கிற்றார் பழகியவன். சில மாதங்களுக்கு முன்னர் அதனைத் துணியாற் சுற்றி அலுமாரியின்மேல் ஏற்றிவிட்டான். காரணம் கேட்டேன். “எனக்கென்று சொந்தமாக ஒன்றுமில்லை, மாமா. கேட்டதைத்தான் திருப்பி வாசிக்கிறேன். நான் வெறும் இரசிகன்” என்றான். ‘வெறும்’ என்ற அந்தச் சொல் என் காதில் முள்ளாய்த் தைத்துக் கிடந்தது. பட்டியலிலே கண்ட ஒற்றுமை, அம்முள்ளை எடுக்க உதவுமோ என்ற எண்ணத்திலேயே இதனை எழுதுகின்றேன்.

சுயாதீனம் என்பது யாது?

முதலிற் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘இன்டி’ என்பது சுயாதீனம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். இன்று அது ஒருவகை ஓசைக்குப் பெயராக வழங்குகின்றது. கூர்மையான கிற்றார் ஒலி, மெருகேறாத குரல், உரத்துச் சொல்லக் கூசுகின்ற உள்ளம் என்பன அவ்வோசையின் இலக்கணங்களாகக் கொள்ளப்படுகின்றன. ஆனால் ஆதியில் அது ஓசையின் பெயரன்று. வியாபார முறையொன்றின் பெயர். பிரித்தானியாவில் 1980ஆம் ஆண்டு சனவரியிற் சுயாதீன இசைத்தட்டுக்களுக்கெனத் தனி விற்பனைப் பட்டியல் ஒன்று தொடங்கப்பட்டது. ஓர் இசைத்தட்டு அதில் இடம்பெறுவதற்கு விதிக்கப்பட்ட தகுதி, அது எவ்வாறு ஒலிக்கின்றது என்பதன்று. பெரிய நிறுவனங்களின் விநியோக வலையைச் சாராது கடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே.

மேற்கு லண்டனில் 1976ஆம் ஆண்டில் ஜெப் டிரவிஸ் என்பவர் ‘றவ் டிரேட்’ என்னும் சிறு இசைத்தட்டுக் கடையைத் திறந்தார். அக்கடை 1978இல் தானே இசைத்தட்டு வெளியிடும் நிறுவனமாயிற்று. பின்னர் வேறு நகரங்களிலிருந்த இத்தகைய சிறு கடைகளோடு சேர்ந்து விநியோகத்தையும் மேற்கொண்டது. கடையில் நின்று பாட்டுக் கேட்டவர்களும், பாட்டை விற்றவர்களும், பாட்டைப் பாடியவர்களும் பல வேளைகளில் ஒரே கூட்டத்தினராகவே இருந்தனர். இவ்விசையின் தன்மையை விளங்கிக்கொள்ள விரும்புபவர் இதனை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். மேடைக்கும் சபைக்கும் இடையே இங்கு அதிக உயரமில்லை.

வானொலி கேட்ட இளைஞர்

என் பட்டியலில் முதலிடம் பெறுவது ‘ரோட்ரன்னர்’. இதனை இயற்றிப் பாடிய ஜொனதன் ரிச்மன், அமெரிக்காவின் பொஸ்டன் நகரை அடுத்த சிற்றூரொன்றில் 1951ஆம் ஆண்டு பிறந்தவர். பள்ளி மாணவராயிருந்த காலத்திலேயே நியூயோர்க் நகரின் ‘வெல்வெட் அண்டர்கிரவுண்ட்’ என்னும் குழுவின்மீது தீராத பற்றுக் கொண்டார். அக்குழு பொஸ்டனுக்கு வரும்போதெல்லாம் சென்று கேட்டார். 1969இல், பதினெட்டு வயதில், நியூயோர்க்குக்கே போய், அக்குழுவின் முகாமையாளர் வீட்டுச் சாய்மனையில் உறங்கினார். பித்து என்றே சொல்லவேண்டும்.

வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவினரின் ‘சிஸ்டர் றே’ பதினேழு நிமிடங்களுக்கு மேலாக நீளும் பாட்டு. இருளும் அச்சமும் நிறைந்தது. மூன்றே ‘கோட்’டுக்களை, அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுக்களை, விடாது அடித்துச் செல்வது. ரிச்மன் அதனைப் பின்பற்றித் தமக்கொரு பாட்டைச் செய்தபோது மூன்றை இரண்டாக்கினார். இருள் நகரத்தின் இடத்தில், தமதூரைச் சுற்றிச் செல்லும் 128ஆம் இலக்க நெடுஞ்சாலையை வைத்தார். இரவில் அச்சாலையில் மோட்டார் வண்டியிற் செல்லும் ஓர் இளைஞன்; வண்டியில் வானொலி பாடிக்கொண்டிருக்கின்றது; தனிமையிலும் அவன் தனியனல்லன். பாட்டின் பொருள் அவ்வளவே. தாளத்தைத் தொடங்குவதற்கு நான்குவரை எண்ணுவது வழக்கம். ரிச்மனோ ஆறுவரை எண்ணிவிட்டே புறப்படுகின்றார். ஆர்வ மிகுதியால் எண்ணிக்கையை நிறுத்த மறந்தவர் போலும்.

இப்பாட்டு 1972ஆம் ஆண்டிற் பதிவு செய்யப்பட்டது. பதிவை நெறிப்படுத்தியவர் யார்? வெல்வெட் அண்டர்கிரவுண்டில் முன்னர் வாசித்த அதே ஜோன் கேல். பெரிய நிறுவனத்துக்கெனச் செய்யப்பட்ட அப்பதிவு வெளிவராது கிடந்து, ஈற்றில் 1976இல் ‘பெசர்க்லி’ என்னும் சிறு நிறுவனத்தின் வழியாகவே உலகைக் கண்டது. ரிச்மன் தம் பழைய காதலை மறந்தவரல்லர். 1992இல் அக்குழுவின் பெயரையே தலைப்பாக வைத்து இன்னொரு பாட்டுப் பாடினார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ரிச்மன் தம் குருநாதரைப் போலவே பாட முயன்றார், பாட முடியவில்லை. அவருடைய உள்ளத்திலே அந்த இருள் இல்லை. ஆகவே அதே ஓசை, அவர் கைப்பட்டதும் விடியற்காலை போல ஆயிற்று. ஒருவரை முழுமனத்தோடு பின்பற்றி, பின்பற்ற முடியாமற்போகும் இடத்திலேயே தன்குரல் பிறக்கின்றது என்று எனக்குத் தோன்றுகின்றது.

இரண்டு சுரங்களின் பயணம்

அடுத்தது மன்செஸ்டர் நகரத்துக் கதை. ஹவர்ட் டிவோட்டோ, பீற் ஷெலி என்னும் இரு மாணவர்கள் 1976 பெப்ரவரியிற் பத்திரிகையொன்றில் ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ என்ற குழுவைப் பற்றிய விமரிசனத்தைப் படித்துவிட்டு, அக்குழுவைக் கேட்பதற்காகவே தெற்கே பயணமாயினர். கேட்டுத் திரும்பியதோடு அமையாது, அதே ஆண்டு ஜூன் 4ஆந் திகதி அக்குழுவைத் தம் நகருக்கும் அழைத்து வந்தனர். அன்று மண்டபத்திற் சபையினர் சிலரே. ஆனால் அச்சிலருள் ஒருவரான பீற்றர் ஹுக் மறுநாளே பேஸ் கிற்றார் ஒன்றை வாங்கினார். நண்பர் பேர்னாட் சம்னருடன் சேர்ந்து அவர் தொடங்கிய முயற்சியே பின்னர் ‘ஜோய் டிவிஷன்’ என்னும் புகழ்பெற்ற குழுவாயிற்று. ஓரிரவு கேட்டது மறுநாட் செயலானது.

அழைத்து வந்த இருவரும் ‘பஸ்கொக்ஸ்’ என்ற குழுவை அமைத்தனர். நண்பரிடமும் உறவினரிடமும் ஏறக்குறைய 500 பவுண் கடன் பெற்று, 1976 டிசம்பர் இறுதியில் ஒரே நாளில் நான்கு பாட்டுக்களைப் பதிந்து, ‘ஸ்பைரல் ஸ்கிராச்’ என்னும் இசைத்தட்டாக 1977 சனவரியிற் தாமே வெளியிட்டனர். முதலில் ஆக்கியவை 1,000 பிரதிகள். காலப்போக்கில் ஏறத்தாழ 16,000 விற்றன. ஒவ்வொரு பாட்டையும் எத்தனை தடவை முயன்று பதிந்தோம் என்ற விவரத்தையும் உறையிலே அச்சிட்டிருந்தனர். சமையற்கட்டின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு விருந்து படைப்பதைப் போன்ற செயல் இது. உண்பவர், ‘இவ்வளவுதானா? இதனை நாமும் சமைக்கலாமே’ என்று எண்ண வேண்டும் என்பதே அவர்கள் கருத்துப் போலும். அவ்வாறே பலர் எண்ணினர்.

அத்தட்டில் ‘போர்டம்’ (சலிப்பு) என்றொரு பாட்டுண்டு. அதன் நடுவே கிற்றார் தனித்து ஒலிக்கும் இடத்தில், கேட்போர் வித்துவத்தை எதிர்பார்த்திருக்க, ஷெலி இரண்டே சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றார். முதன்முறை கேட்பவருக்குச் சிரிப்பு வரும். பத்தாம் முறை கேட்பவருக்கு, சலிப்பைப் பற்றிய பாட்டுக்கு இதனினும் பொருத்தமான வாசிப்பு வேறில்லை என்பது புலனாகும்.

அந்த இரண்டு சுரங்களும் ஆறாண்டுகள் கழித்து ஸ்கொட்லாந்திலே மறுபடியும் கேட்டன. கிளாஸ்கோ நகரின் ‘ஒரேஞ்ச் ஜூஸ்’ குழுவினர் 1983இல் வெளியிட்ட ‘றிப் இற் அப்’ என்னும் பாட்டில், எட்வின் கொலின்ஸ் தமக்குப் பிடித்த பாட்டு ‘போர்டம்’ என்று பாடுகின்றார்; பாடி முடித்தவுடன் கிற்றார் அதே இரண்டு சுரங்களை வாசிக்கின்றது. திருட்டென்று யாரும் சொல்லார். திருடியவன் பொருளுக்குரியவரின் பெயரைச் சொல்வதில்லை. ஒரேஞ்ச் ஜூஸ் குழுவினர் 1980இல் ‘போஸ்ட்காட்’ என்னும் மிகச் சிறிய நிறுவனத்தின் வழியாக வந்தவர்கள். ‘றிப் இற் அப்’ வெளிவந்தபோது பெரிய நிறுவனமொன்றிற் சேர்ந்திருந்தனர். பாட்டும் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடம்வரை உயர்ந்தது. கடன் வாங்கிய பணத்திற் பிறந்த இரண்டு சுரங்கள் இவ்வாறு பெருந்தெருவுக்கு வந்து சேர்ந்தன.

கொலின்ஸின் பிற்காலத்தையும் சொல்லாது விடுவதற்கில்லை. 2005ஆம் ஆண்டில் மூளையில் ஏற்பட்ட இரத்தப்பெருக்கு அவருடைய பேச்சைப் பறித்தது, வலப்பக்கத்தையும் முடமாக்கியது. சொற்களையே தொழிலாகக் கொண்டவருக்கு ஒரு சில சொற்களே எஞ்சின. அவற்றுள் ஒன்று அவருடைய மனைவியின் பெயர். மெல்ல மெல்லப் பேசப் பழகினார். இடக்கையாற் படம் வரையப் பழகினார். 2007இல் மீண்டும் மேடையேறினார். 2010இற் புதிய இசைத்தட்டொன்றையும் வெளியிட்டார். பேச்சு முழுதும் திரும்புமுன்னர் பாட்டுத் திரும்பியது. இதனை அறிந்தபின் ‘றிப் இற் அப்’பிலுள்ள அந்த இரண்டு சுரங்களையும் பழைய சிரிப்போடு மாத்திரம் என்னாற் கேட்க முடிவதில்லை.

மரத்திலிருந்து குதித்த நண்பன்

மூன்றாவது பாட்டே என் நெஞ்சுக்கு மிக அணியது. கலிபோர்னியாவின் சான் பீட்ரோ என்னும் துறைமுகப் பட்டினத்தில் இரு சிறுவர்கள். ஒருவர் மைக் வொட், கடற்படை வீரரின் மகன், மற்றவர் டி. பூன், மோட்டார் வண்டிகளுக்கு வானொலி பொருத்தும் தொழிலாளியின் மகன். பதின்மூன்று வயதளவில், பூங்காவொன்றில் மரத்திலிருந்து பூன் குதித்தார். குதித்த இடத்தில் வொட் நின்றார். வேறொரு நண்பனென்று எண்ணிக் குதித்தாராம். நட்பு அங்கே தொடங்கிற்று.

பூன் கிற்றார் பழகினார். பூனின் தாயார், வொட் பேஸ் கிற்றார் வாசிக்கட்டும் என்றார். பேஸ் கிற்றாரின் தந்திகள் பருத்தவை, ஓசை தாழ்ந்தது என்பதைச் சிறுவன் வொட் அறியார். நான்கு தந்திகள் என்பதை மட்டும் அறிந்திருந்தார். ஆகவே சாதாரணக் கிற்றார் ஒன்றில் நான்கு தந்திகளை மாத்திரம் வைத்துக்கொண்டு பழகத் தொடங்கினார். இருவரும் தமக்குப் பிடித்த குழுக்களின் பாட்டுக்களைக் கேட்டுக் கேட்டுத் திருப்பி வாசித்தனர். இவர்களும் ஜோர்ஜ் ஹேர்லி என்னும் தாளக்காரரும் சேர்ந்து 1980இல் அமைத்த குழுவே ‘மினட்மென்’.

இவர்களுடைய பாட்டுக்கள் பெரும்பாலும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஓடுபவை; வேகமும் வெடிப்பும் நிறைந்தவை. சிக்கனம் இவர்களுக்கு வறுமையின் விளைவு மட்டுமன்று, கொள்கையுமாகும். 1984இல் வந்த ‘டபுள் நிக்கல்ஸ் ஒன் த டைம்’ என்னும் இரட்டைத் தட்டில் நாற்பதுக்கு மேற்பட்ட பாட்டுக்கள். அவற்றின் நடுவே, ஓடிக்களைத்தவன் மரநிழலில் அமர்வதைப் போல, ‘ஹிஸ்டரி லெசன், பகுதி இரண்டு’ என்னும் அமைதியான பாட்டு வருகின்றது.

வரலாற்றுப் பாடம் என்ற தலைப்பைக் கண்டு போர்களையும் அரசர்களையும் எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். இரு நண்பர்கள் ஒன்றாக வளர்ந்ததும், ஒன்றாகப் பாட்டுக் கேட்டதும், கேட்ட பாட்டினால் வாழ்க்கை மாறியதுமே அவ்வரலாறு. பொப் டிலன் முதலாகத் தாம் வியந்த இசைஞர்களின் பெயர்களைப் பாட்டிலேயே சொல்லிச் செல்கின்றனர். எழுதியவர் வொட், பாடுபவர் பூன். ஆகவே, தன்னைப்பற்றி நண்பன் எழுதிய சொற்களை நண்பனே தன் வாயாற் பாடுகின்றான். நட்பைப் பற்றிய பாட்டுக்கள் பல உள. நட்பே இவ்வாறு பாட்டின் அமைப்பாக அமைந்ததை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

அப்பாட்டு வெளிவந்த மறு ஆண்டில், 1985 டிசம்பர் 22ஆந் திகதி, அரிசோனாவில் நிகழ்ந்த வான் விபத்தொன்றில் டி. பூன் காலமானார். அப்போது வயது 27. வொட் இசையையே விட்டுவிட்டார். இக்கதையின் எச்சத்தைக் கட்டுரையின் முடிவிற் சொல்வேன்.

காலத்தே செலுத்திய நன்றி

நான்காவது பாட்டின் பெயர் ‘அலெக்ஸ் சில்டன்’. பாடியவர்கள் மினியாபொலிஸ் நகரின் ‘ரீப்ளேஸ்மன்ட்ஸ்’, ஆண்டு 1987. பாட்டின் பெயருக்குரியவர், பதினாறு வயதிலே 1967இல் ‘த லெற்றர்’ என்னும் பாட்டைப் பாடி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றவர். பின்னர் மெம்பிஸ் நகரில் ‘பிக் ஸ்டார்’ என்னும் குழுவிற் சேர்ந்தார். ‘பெரிய நட்சத்திரம்’ என்று பொருள்படும் அப்பெயர், ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அண்மையிலிருந்த பலசரக்குக் கடையொன்றின் பெயர்! 1972இல் வந்த அவர்களின் முதற்றட்டை விமரிசகர்கள் புகழ்ந்தனர். விநியோகக் கோளாற்றினால் அது கடைகளுக்கே சரிவரப் போய்ச் சேரவில்லை. புகழ் கேட்டுக் கடைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பினர். பிற்காலத்திற் சில்டன் நியூ ஓர்லியன்ஸ் நகரிலே உணவுச்சாலையிற் கோப்பை கழுவியும் வாழ்ந்தார்.

ரீப்ளேஸ்மன்ட்ஸ் குழுவின் போல் வெஸ்ற்றர்பேர்க், உலகம் அவ்வாறு மறந்துவிட்ட ஒருவரை, இலட்சக்கணக்கான சிறுவர்கள் கொண்டாடும் நாயகனாகக் கற்பனைசெய்து பாடினார். நடக்கவேண்டியிருந்து நடவாத ஒன்றை நடந்ததாகப் பாடுவது அது. அச்சமயம் சில்டன் உயிரோடிருந்தார் என்பது மட்டுமன்று. அதே தட்டில், அதே மெம்பிஸ் நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்தில், இன்னொரு பாட்டுக்குக் கிற்றாரும் வாசித்தார். 2010 மார்ச் 17ஆந் திகதி அவர் மறைந்தபோது, பிக் ஸ்டாரின் பெயரை அறிந்த இளைஞர் உலகெங்கும் இருந்தனர். அவர்களுட் பலர் அவரை முதலில் அறிந்தது அப்பாட்டின் வாயிலாகவேயாம். இறந்தபின் இரங்கற்பா பாடுவது எளிது. உயிரோடிருக்கும்போதே ஒருவர் செவியில் நன்றியைச் சேர்ப்பது அரிது.

பிடிக்காததையும் சொன்னவர்கள்

இரசிகன் என்றாற் கண்மூடிப் போற்றுபவன் என்று கருதுவாரும் உளர். அவர்களுக்கு என் ஐந்தாம், ஆறாம் பாட்டுக்கள் விடை கூறும்.

ஐந்தாவது, ‘பேவ்மன்ட்’ குழுவினர் 1993இற் பாடிய ‘அன்சீன் பவர் ஒவ் த பிக்கற் பென்ஸ்’. பாட்டு முழுவதும் ‘ஆர்.ஈ.எம்.’ என்னும் குழுவைப் பற்றியது. அக்குழு ஜோர்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் 1980இல் உருவானது. அதன் கிற்றார்காரர் பீற்றர் பக் இசைத்தட்டுக் கடையில் வேலை செய்தவர். பாடகர் மைக்கல் ஸ்ரைப் அக்கடைக்குத் தட்டு வாங்க வந்தவர். அவர்களின் கதையும் கேட்டவர் கதையே. பேவ்மன்ட் குழுவினரோ, அக்குழு 1984இல் வெளியிட்ட ‘றெக்கனிங்’ என்னும் தட்டை வரலாற்றாசிரியரைப் போல ஆராய்கின்றனர். அதிலே தமக்கு மிகக் குறைவாகப் பிடித்த பாட்டு இன்னது என்றும் பெயர் குறித்துச் சொல்கின்றனர். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். உண்மையான அன்புக்கு அதுவே அத்தாட்சி. குறை தெரியாத அன்பு, பொருளை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

ஆறாவது, ‘கோர்ணர்ஷொப்’ குழுவினரின் ‘பிரிம்புல் ஒவ் ஆஷா’. பஞ்சாபிய வழிவந்த பிரித்தானியரான ரிஜின்டர் சிங் இதனை எழுதிப் பாடினார். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் என்று தம் இனத்தவரைப் பரிகசிப்பார் வாயை அடைக்க அப்பரிகாசத்தையே குழுவின் பெயராக்கினர். 1992இல், புகழ்பெற்ற பாடகர் மொறிசி இனவாதிகளின் சின்னங்களோடு விளையாடுகின்றார் என்று கண்டித்து, லண்டனில் அவருடைய இசைத்தட்டு நிறுவனத்தின் முன்னால் அவர் படத்தை எரித்தவர்கள் இவர்கள். மொறிசியின் ‘த ஸ்மித்ஸ்’ குழுவைப் போற்றிய எம்போன்றோர்க்கும் அச்செய்தி சுட்டது. கேட்பவன் தன் மானத்தை வாயிலிற் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போகவேண்டியதில்லை என்பதை அவர்கள் உணர்த்தினர்.

கண்டித்ததோடு அவர்கள் நின்றாரல்லர். தாம் போற்றுவது எதனை என்பதையும் 1997இற் பாடிக் காட்டினர். திரைக்குப் பின்னின்று பாடிய ஆஷா போஸ்லேயும், அவர் குரலைச் சுமந்து சுழன்ற 45 சுற்று இசைத்தட்டுமே பாட்டின் நாயகர்கள். லதா மங்கேஷ்கரும் முகம்மது ரபியும் அதிலே போற்றப்படுகின்றனர். முதலில் வெளிவந்தபோது விற்பனைப் பட்டியலில் 60ஆம் இடத்தோடு நின்ற அப்பாட்டு, நோர்மன் குக் என்பவர் வேகங்கூட்டி அமைத்த வடிவத்தில் 1998 பெப்ரவரியில் பிரித்தானியாவின் முதலிடத்தை அடைந்தது. பின்னணிப் பாடகி என்றால் யாரென அறியாத இலட்சக்கணக்கானோர் ஆஷாவின் பெயரைத் தெருத்தெருவாகப் பாடினர். பிறர் வீட்டுக் கிற்றாரைக் கேட்டுக் கேட்டு மகிழ்ந்த எனக்கு, அதே கிற்றாரில் எங்கள் அயல்வீட்டுக் குரலின் பெயர் கேட்டபோது உண்டான களிப்பை எழுத்தில் வடித்தல் அரிது.

ஓர் ஆட்சேபம்

நிற்க. ‘பாட்டைப் பற்றிப் பாட்டு, அதனைப் பற்றி மற்றொரு பாட்டு என்று போனால், வாழ்க்கையைப் பற்றி எப்பொழுது பாடுவது?’ என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. தம் கூட்டத்துக்குள்ளேயே பெயர்களைப் பரிமாறிக்கொண்டு, அறியாதவரைப் புறத்தே நிறுத்தும் பாட்டுக்கள் இவ்விசையில் இல்லாமலில்லை. அவற்றை நான் விரும்புவதில்லை.

ஆனால் மேலே சொன்னவை அத்தகையன அல்ல. வானொலி பொருத்தும் தொழிலாளியின் மகனுக்கு, தானும் ஒரு குரலுடையவன் என்ற எண்ணம் பிறந்தது எவ்வாறு? பாட்டுக் கேட்டதனால். அதுவும் வாழ்க்கையே. பாரியைப் பாடிய கபிலரைப் போற்றிப் பாடிய மாறோக்கத்து நப்பசலையாரைப் புறநானூறு நமக்குக் காட்டுகின்றது. நூலைப் படித்தவர் நூலாசிரியரைப் போற்றிச் சிறப்புப் பாயிரம் தருவதும் நம் மரபு. திருவள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்தபடியாகக் ‘கேள்வி’ என்று தனி அதிகாரமே வகுத்தார். கேட்டலை ஒரு செயலாக, ஒரு பேறாக மதித்த மொழி நமது மொழி. ‘வெறும் இரசிகன்’ என்னும் தொடர் அதற்குள் எப்படி நுழைந்ததோ அறியேன்.

எச்சம்

இனி, முன்னர் நிறுத்திய கதை. டி. பூன் இறந்தபின் மைக் வொட்டும் ஜோர்ஜ் ஹேர்லியும் இசையைக் கைவிட்டிருந்தனர் அல்லவா? ஒஹையோ மாநிலத்தில் எட் குரோபர்ட் என்னும் ஓர் இளைஞர் இருந்தார். மினட்மென் இரசிகர். எஞ்சிய இருவரும் புதிய கிற்றார்காரரைத் தேடுகின்றனர் என்று யாரோ அவரிடம் சொன்னார்கள். அது மெய்யன்று. மெய்யென்று நம்பிய அவர், தொலைபேசி விவரக்கொத்தில் வொட்டின் இலக்கத்தைத் தேடிப் பேசினார். பின்னர் நாட்டின் மறுகரையான சான் பீட்ரோவுக்கே வந்துசேர்ந்தார். இழந்த நண்பனின் இடத்தை நிரப்ப வந்தவராக அவர் தம்மை எண்ணவில்லை. அந்தப் பாட்டுக்கள் நின்றுவிடக்கூடாது என்றே எண்ணினார். அவ்விளைஞரின் ஆர்வத்துக்கு முன்னால் வொட்டின் மறுப்பு நிற்கவில்லை. 1986இல் மூவரும் சேர்ந்து ‘பயர்ஹோஸ்’ என்னும் குழுவை அமைத்தனர், 1994வரை வாசித்தனர். ஓர் இரசிகன் கதவைத் தட்டியதால், இறந்துபோன ஓர் இசை எழுந்து நடந்தது.

இதை மருமகனுக்குச் சொன்னேன். அவன் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரங்கழித்து, “அந்த எட் குரோபர்ட், டி. பூனைப் போல வாசித்தாரா, மாமா?” என்று கேட்டான். “இல்லை. முயன்றிருப்பார், எட் குரோபர்ட்டைப் போலத்தான் வாசித்தார்” என்றேன்.

மறுநாள் அலுமாரியின்மேலிருந்த கிற்றாரை அவனே இறக்கினான். துணியை அவிழ்த்துப் பார்த்தபோது ஆறு தந்திகளுள் இரண்டு அறுந்திருந்தன. கடை திறக்கும்வரை பொறுக்கலாம் என்று எண்ணி மீண்டும் சுற்றப்போனான். மைக் வொட் நான்கு தந்தியில் தொடங்கியவர் என்று நினைவூட்டினேன். சிரித்தான். பிறகு உட்கார்ந்து, தான் கேட்ட ஒரு பாட்டை வாசிக்கத் தொடங்கினான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.